டோனாவூர் அம்மா: ஏமி கார்மைக்கேல் (1867–1951)

எங்கள் விடுதியில் ஞாயிற்றுக்கிழமை மாலை ஜெபம் முடிந்ததும் விடுதிப் பொறுப்பாசிரியை ஒரு கதை சொல்லுவார். அரிக்கன் இலாம்பு வெளிச்சத்தில் கேட்ட அந்தக் கதைகளில் பல மறந்துபோய்விட்டன. மறவாமல் நிற்பது மண்ணிறக் கண்களோடு பிறந்த அயர்லாந்துச் சிறுமியின் கதை. தாயின் கண்களைப் போலத் தனக்கும் நீலக் கண் வேண்டுமென்று மூன்று வயதில் ஓர் இரவு ஜெபித்துவிட்டுப் படுத்தாள். விடிந்ததும் கதிரையை இழுத்துப் போட்டு ஏறிக் கண்ணாடியைப் பார்த்தாள். கண் மண்ணிறமாகவே இருந்தது. பிற்காலத்தில் அதே சிறுமி தென்னிந்தியாவில் சேலை உடுத்து, தமிழ்ப் பெண்ணைப் போலத் தெருக்களில் நடந்து, ஆபத்திலிருந்த பிள்ளைகளைத் தேடித் திரிந்தபோது அந்தக் கண்களே அவளைக் காட்டிக் கொடுக்காமல் காத்தன என்று ஆசிரியை கதையை முடிப்பார். கோப்பியைக் கரைத்து முகத்திலும் கையிலும் பூசிக்கொண்டார் என்ற இடம் வரும்போது பின்வரிசையில் யாராவது சிரித்துவிடுவார்கள். நாங்கள் குடித்த விடுதிக் கோப்பிக்கு அவ்வளவு நிறம் கிடையாது.

அந்தக் கதையை நான் மீண்டும் தேடிப் படித்ததற்கு ஒரு காரணம் உண்டு. நான் இப்போது வசிக்கும் கனடாவில், எங்கள் தேவாலயத்திலிருந்து ஒவ்வொரு கோடை விடுமுறையிலும் ஒரு குழு வெளிநாடொன்றுக்குச் சிறுவர் இல்லத்தில் தொண்டு செய்யப் போய்வரும். மலரை வாசிக்கும் சகோதரிகளில் பலரும், அவர்களுடைய பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் இப்படிப் போய்வந்திருப்பீர்கள். ஓய்வு பெற்ற வருடம் நானும் போனேன். இரண்டு வாரம். பாட்டு, விளையாட்டு, சுவருக்கு நிறம் பூசுதல். ஐந்து வயதுப் பிள்ளை ஒன்று மாலைதோறும் வந்து என் மடியில் இருக்கும். நாங்கள் புறப்பட்ட அன்று மட்டும் அது வரவில்லை. கட்டிலுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டது. ஒவ்வொரு குழு போகும்போதும் அது அப்படித்தான் செய்யும் என்று அங்கே வேலை செய்த பெண் சர்வசாதாரணமாகச் சொன்னார். திரும்பி வரும் விமானத்தில்தான் விடுதிக் கதையின் அயர்லாந்துப் பெண் நினைவுக்கு வந்தார். அவரும் ஒரு பயணமாகத்தான் புறப்பட்டார். ஆனால் திரும்பிப் போகவில்லை.

ஏமி கார்மைக்கேல் 1867 டிசம்பர் 16ஆம் திகதி அயர்லாந்தின் வடபகுதியில் மில்லைல் என்ற கடலோரக் கிராமத்தில் பிறந்தார். தந்தையார் மாவு ஆலை உரிமையாளர். பிள்ளைகள் எழுவர், ஏமி மூத்தவர். வசதியான, கண்டிப்பான பிரஸ்பிற்றேரியன் குடும்பம். தம்பிமாரைக் கூட்டிக்கொண்டு கூரையில் ஏறுவது போன்ற விளையாட்டுகளுக்கெல்லாம் தலைவி இவரே.

பன்னிரண்டு வயதளவில் இங்கிலாந்தின் ஹரோகேற் நகரிலிருந்த பெண்கள் விடுதிப் பள்ளிக்கு அனுப்பப்பட்டார். அங்கே அவருக்குப் பிடித்த காரியங்கள் அதிகமில்லை. ஆனால் ஒரு சம்பவத்தை இந்த மலரில் எழுதாமல் விட முடியாது. 1882இல் பெரிய வால்வெள்ளி ஒன்று தோன்றியது. இரவில் எழுந்து பார்க்க அனுமதி தரும்படி மாணவிகள் சார்பில் ஏமி அதிபரிடம் கேட்டார். அதிபர் மறுத்துவிட்டார். அன்றிரவு ஏமி தோழிகளின் கால் பெருவிரல்களில் நூலைக் கட்டி, மறுநுனிகளைத் தன் கையில் வைத்துக்கொண்டு விழித்திருந்தார். எல்லாரும் தூங்கியிருப்பார்கள் என்று தோன்றியதும் நூல்களை இழுத்து அவர்களை எழுப்பி, ஓசைப்படாமல் மேல்மாடி அறைக்கு அழைத்துப் போனார். அங்கே அதிபரும் ஆசிரியைகளும் முன்கூட்டியே வந்து வால்வெள்ளியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்! விடுதியில் இருந்த எவருக்கும் அந்தப் படியேற்றத்தின் நடுக்கம் விளங்கும். மறுநாள் என்ன கிடைத்திருக்கும் என்பதும் விளங்கும்.

குடும்பத்தின் செல்வம் நிலைக்கவில்லை. பெல்பாஸ்ற் நகருக்குக் குடிபெயர்ந்த பின் 1885இல் தந்தையார் காலமானார். ஏமிக்கு அப்போது 17 வயது. அந்த நகரில் துணி ஆலைகளில் வேலை செய்த ஏழைப் பெண்கள் தொப்பி வாங்க வசதியில்லாமல் சால்வையால் தலையை மூடிக்கொண்டு திரிவார்கள். மரியாதையான குடும்பங்கள் தேவாலயத்தில் அவர்களுக்குப் பக்கத்தில் இருக்க விரும்புவதில்லை. ஏமி அவர்களைக் கூட்டி வகுப்பு நடத்தத் தொடங்கினார். தொகை பெருகப் பெருக இடம் போதவில்லை. பணம் சேர்ந்து, ஐந்நூறு பேர் இருக்கக்கூடிய தகரக் கூரை மண்டபம் ஒன்று எழுந்து, 1889 ஜனவரியில் திறக்கப்பட்டது. அவருக்கு வயது 21. திறப்பு விழாவில் மேடையில் ஏறாமல் ஆலைப் பெண்களோடு கீழே இருந்துகொண்டார். அடுத்து மான்செஸ்ரரின் சேரியில் வேலை செய்யப் போய், உடல்நலம் கெட்டுத் திரும்பினார்.

வெளிநாடு போகவேண்டும் என்ற எண்ணம் 1892இல் உறுதிப்பட்டது. முதலில் சீனாவுக்குப் போக விண்ணப்பித்தார். வைத்தியர் உடல்நிலையைக் காட்டி மறுத்துவிட்டார். அடுத்த வருடம் யப்பானுக்குக் கப்பலேறினார். யப்பானில் அவர் இருந்தது பதினைந்து மாதமளவே. அங்கே கற்ற ஒரு பாடம் கடைசிவரை அவரோடு இருந்தது. கடுங்குளிர் நாள் ஒன்றில் நோயாளியான ஒரு மூதாட்டியிடம் பேசிக்கொண்டிருந்தார். கிழவி கேட்டுக்கொண்டிருந்தவள், மனம் இளகி வந்த நேரத்தில், ஏமி போட்டிருந்த உரோமக் கையுறையைக் கண்டாள். அவ்வளவுதான்! பேச்சு அவள் காதில் ஏறவில்லை. கையுறையைப் பற்றியே விசாரிக்கத் தொடங்கிவிட்டாள். ஏமி வீட்டுக்குப் போய் ஆங்கில உடையைக் களைந்து வைத்தார். அதன்பின் கிமோனோ உடுத்துத்தான் வெளியே போனார். பிற்காலத்துச் சேலையின் தொடக்கம் அந்தக் கையுறைதான்.

தலைவலியும் நரம்புநோயும் அவரை யப்பானில் நிலைக்கவிடவில்லை. 1894இல் ஷங்காய் வழியாக எங்கள் இலங்கைக்கு வந்தார். கொழும்பில் இறங்கிச் சிங்களக் கிராமப் பகுதியில் சில மாதங்கள் வேலை செய்தார். இங்கிலாந்தில் அவரைத் தத்துப்பிள்ளைபோல நேசித்த முதியவர் றொபேட் வில்சன் பாரிசவாதத்தால் விழுந்துவிட்டார் என்ற செய்தி வந்ததும் திரும்பிப் போனார். 27 வயது முடிவதற்குள் மூன்று நாடுகளைத் தொட்டும் எதிலும் கால் ஊன்றவில்லை. அப்போது அவரை அறிந்தவர்கள் இந்தப் பிள்ளைக்கு வெளிநாட்டு ஊழியம் சரிவராது என்று நினைத்திருந்தால் குறைசொல்ல முடியாது.

1895 நவம்பரில் இந்தியாவுக்கு வந்தார். பெங்களூரில் மருத்துவமனை வேலை என்று ஏற்பாடு. வந்தவுடனே டெங்குக் காய்ச்சல். குணமானபோது அவரைத் துன்புறுத்தியது வேறு காரியம். அங்கிருந்த ஐரோப்பிய மிஷனரிமாரின் வாழ்க்கை தேநீர் விருந்துகளும் தங்களுக்குள் வீண்பேச்சுமாகக் கழிவதாக அவர் உணர்ந்தார். அவ்வேளையில் திருநெல்வேலியில் பணியாற்றிய தோமஸ் வோக்கர் என்பவரைச் சந்தித்தார். தமிழில் மிகுந்த புலமையுள்ளவர், கண்டிப்பான ஆசிரியர். தமிழைச் சரியாகப் படிக்க வேண்டுமானால் திருநெல்வேலிக்கு வரவேண்டும் என்றார். 1896 முடிவில் ஏமி அங்கே போனார். தமிழ் இலேசில் வசப்படவில்லை. தமிழைப் பிறநாட்டார் படிக்கும்போது எந்த இடத்தில் நாக்கு மடங்காது என்பதை இங்கே பிறந்த எங்கள் பேரப்பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கும் எங்களுக்குத் தெரியும். ஆனால் அவர் விடவில்லை. கடைசியில் தமிழில் சிந்திக்கும் நிலைக்கு வந்தார்.

அவரோடு கிராமம் கிராமமாக மாட்டுவண்டியில் போய்ப் பிரசங்கம் செய்ய ஒரு சிறு பெண்கள் குழு சேர்ந்தது. அவர்களில் பொன்னம்மாளைத் தனியாகச் சொல்லவேண்டும். இளம் வயதில் கணவனை இழந்து, மாமியார் வீட்டின் மூலையில் ஒதுக்கப்பட்டிருந்த தமிழ்க் கிறிஸ்தவப் பெண். வெளிநாட்டில் எழுதப்படும் கதைகளில் ஏமியின் பெயர் பெரிய எழுத்திலும் பொன்னம்மாளின் பெயர் அடிக்குறிப்பிலும் வருவதுண்டு. உண்மையில் டோனாவூர் என்ற வீட்டின் கூரையைத் தாங்கிய தூண்களில் ஒன்று அவர். நகை போடுவதை இந்தப் பெண்கள் தாங்களாகவே விட்டார்கள். வெறுங்காது, வெறுங்கழுத்தோடு ஊருக்குள் போன பெண்களைச் சொந்தச் சபையாரே ஏளனம் செய்தார்கள். யாழ்ப்பாணத்தில் அக்காலத்தில் ஒரு பெண் அப்படித் தெருவில் இறங்கியிருந்தால் என்ன பேச்சு வந்திருக்கும் என்று எண்ணிப் பார்க்கிறேன்.

1901 மார்ச் 7ஆம் திகதி காலை, பண்ணைவிளை என்ற ஊரில் இவர்கள் தங்கியிருந்த வீட்டுக்கு ஒரு கிறிஸ்தவப் பெண் ஏழு வயதுச் சிறுமி ஒருத்தியைக் கூட்டி வந்தாள். பெயர் பிரீனா. பக்கத்து ஊரான பெருங்குளத்துக் கோயிலைச் சார்ந்த பெண்களிடம் ஒப்படைக்கப்பட்டிருந்த பிள்ளை. அதற்கு முன்னரும் ஒருமுறை தப்பி, தூத்துக்குடியில் இருந்த தாயிடம் நடந்தே போயிருந்தாள். தேடி வந்தவர்களின் கையில் தாயே பிள்ளையைத் திருப்பிக் கொடுத்துவிட்டாள். தண்டனையாகச் சிறுமியின் கைகளில் சூடு போட்டார்கள். பிள்ளை பிடிக்கிற அம்மாள் ஒருத்தி ஊரிலே திரிகிறாள், கவனம் என்று அந்தப் பெண்கள் அவளைப் பயமுறுத்தி வைத்திருந்தார்கள். பிரீனா அதைக் கேட்டு, அப்படியானால் அந்த அம்மாள் என்னைப் பிடித்துக்கொண்டு போகட்டும் என்று எண்ணி ஓடிவந்தாள்.

ஓடிவந்தவள் நேரே ஏமியின் மடியில் ஏறி இருந்துகொண்டாள். துணிப்பொம்மை ஒன்றைக் கையில் கொடுத்தார்கள். அந்தப் பொம்மையை வைத்துக்கொண்டு, சாமிக்குக் கட்டிவைப்பதென்றால் என்ன, பிறகு என்னென்ன நடக்கும் என்பதையெல்லாம் அவள் விளையாட்டுப்போல விளக்கிக் காட்டினாள். கேட்டுக்கொண்டிருந்தவருக்கு அதுவரை இதைப்பற்றி அரைகுறையாகத்தான் தெரியும்.

இந்த மலரை வாசிப்போரில் எல்லாச் சமயத்தவரும் இருக்கிறார்கள். ஆகையால் ஒன்றை இங்கே சொல்லவேண்டும். கோயில்களில் ஆடலையும் இசையையும் தலைமுறை தலைமுறையாகக் காத்தவர்கள் தேவரடியார் குலப் பெண்கள். எங்கள் பிள்ளைகள் இன்று அரங்கேற்றம் செய்யும் பரதத்திலே அவர்களுடைய பங்கு பெரிது. ஏமி அந்தக் கலையின் பக்கத்தைப் பார்க்கவில்லை. பார்க்க முயன்றதாகவும் அவருடைய எழுத்தில் தெரியவில்லை. அவர் கண்டது வறுமையாலும் நேர்த்திக்கடனாலும் விற்கப்பட்டு, விவரம் தெரியுமுன்பே பெரியவர்களின் கையில் சிக்கிய சிறுமிகளை. அந்தக் கொடுமை உண்மை. அதை நிறுத்த மிகுந்த பாடுபட்டவர்களில் முதன்மையானவர் அதே குலத் தாய்க்குப் பிறந்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி. பெண்களைக் கோயில்களுக்குப் பொட்டுக்கட்டி விடுவதைத் தடுக்கும் சென்னை மாகாணச் சட்டம் 1947இல் வந்தபோது ஏமி எண்பது வயதை அண்மித்துப் படுக்கையில் இருந்தார்.

1901க்குத் திரும்புவோம். பிரீனாவுக்குப் பின்னால் இன்னும் பிள்ளைகள் இருக்கிறார்கள் என்று தெரிந்ததும் ஏமி தேடத் தொடங்கினார். சேலை உடுத்து, ஊர்ப் பெண்களோடு ஒருத்தியாக யாத்திரிகர் கூடும் இடங்களுக்குப் போய்த் தகவல் திரட்டினார். எங்கள் விடுதிக் கதை நின்றது இந்த இடத்தில்தான். துணிகரமான பகுதி இதுவே. ஆனால் அவருடைய வாழ்க்கையின் பெரும்பகுதி இதுவல்ல. மூன்று வருடம் தேடியும் அவர் கையில் வந்த பிள்ளைகள் மிகச் சிலர். சிறுவரை அத்தகைய நோக்கத்துக்கு விற்பது சட்டப்படி குற்றமாக இருந்தும் சாட்சி சொல்ல எவரும் வரவில்லை. 1904 நடுப்பகுதியில் அவருடைய பராமரிப்பில் 17 பிள்ளைகள் இருந்தார்கள்.

அதற்குள் இவர்கள் நிரந்தரமாகக் குடியேறிய இடம் டோனாவூர். மேற்குத் தொடர்ச்சி மலை அடிவாரத்தில், பனையும் வெயிலும் செம்மண்ணுமான சிற்றூர். ஜெர்மானிய மிஷனரி ரேனியஸ் காலத்தில் அதற்குப் பணம் உதவிய டோனா என்ற பிரபுவின் பெயரால் அழைக்கப்பட்டது. அந்த வருடம்தான் முதன்முதலாகக் கைக்குழந்தைகள் வந்தன. வந்தவுடன் எல்லாம் மாறிவிட்டது. கைக்குழந்தையை வைத்துக்கொண்டு மாட்டுவண்டியில் ஊர் ஊராகப் பிரசங்கம் செய்யப் போகமுடியாது. பிள்ளை தாயின் காலைக் கட்டிப்போடும் என்று தமிழ்ப் பெண்கள் சொல்லும் பழமொழியின் பொருள் அந்த மணமாகாத அயர்லாந்துப் பெண்ணுக்கு முப்பத்தாறு வயதில் விளங்கியது.

அவர் இந்தியாவுக்கு வந்தது இதற்காக அல்ல. நல்ல பேச்சாளர், தமிழை முயன்று கற்றவர், கிராமங்களில் அவருக்குச் செவிகொடுத்தவர்கள் உண்டு. அந்தத் திறமையையெல்லாம் வைத்துவிட்டுப் போத்தல் கழுவுவதும் துணி துவைப்பதும் இரவில் கண்விழிப்பதும் வேலையாயிற்று. ஆயா பார்க்கக்கூடிய வேலைக்கு ஒரு மிஷனரி எதற்கு என்று மற்ற மிஷனரிமார் கேட்டார்கள். கூட இருந்த இந்தியப் பெண்களில் சிலருக்கோ, தம் சாதியார் தொடாத அழுக்கு வேலையைச் செய்வது கௌரவக் குறைவாகப் பட்டது. ஏமி வாதாடவில்லை. கிறிஸ்துநாதர் துவாலையை எடுத்துக்கொண்டு சீடரின் கால்களைக் கழுவியதை நினைவூட்டிவிட்டுத் தானே வாளியைத் தூக்கினார். பேச்சைவிட வாளி வேகமாக வேலை செய்தது.

பிள்ளைகள் எல்லோரும் பிழைக்கவில்லை. இதைக் கதையாகச் சொல்பவர்கள் இந்தப் பகுதியை விரைவாகக் கடந்துவிடுவார்கள். பிறந்து சில நாட்களில், பட்டினியோடும் வழிப்பயணக் களைப்போடும் வந்த சிசுக்கள். பாலூட்டும் தாய்மாரை ஊரில் தேடினால், வேறு சாதிப் பிள்ளைக்கு மார்பு கொடுக்க எவரும் உடன்படவில்லை. போத்தல் பாலையே நம்பவேண்டியிருந்தது. அந்த வெப்பத்தில் அது கெட்டுப்போகாமல் இருப்பது அரிது. டோனாவூரில் அப்போது வைத்தியர் கிடையாது. இந்திரநீலா என்று ஏமி பெயரிட்டு, மற்றப் பிள்ளைகளைவிடச் சற்று அதிகமாகவே நேசித்த குழந்தை 1905 ஜனவரியில் இறந்தது. அந்தத் துக்கத்திலிருந்து அவர் எளிதில் மீளவில்லை. வைத்தியசாலை இருந்த நெய்யூரில் குழந்தைகளுக்காக ஒரு வீடு எடுத்து, பொன்னம்மாளைப் பொறுப்பாக வைத்தார்கள். அங்கேயும் வயிற்றுளைவு நோய் பரவிப் பல குழந்தைகள் இறந்தன. பொன்னம்மாள் ஓர் அறையில் பிணத்தைத் துணியில் சுற்றி வைத்துவிட்டு அடுத்த அறையில் அழும் பிள்ளைக்குப் பால் காய்ச்சப் போன நாட்கள் அவை.

டோனாவூரின் உறவுமுறைகள் எனக்கு மிகவும் பிடித்தவை. அங்கே மேடம், மிஸ் என்ற அழைப்புகள் இல்லை. பிள்ளைகளுக்கு ஏமி அம்மா. அவர்களை வளர்த்த இந்தியப் பெண்கள் அக்காள்மார். வெளிநாட்டிலிருந்து வந்த பெண்கள் சித்திமார். நாங்கள் சின்னம்மா என்போமே, அது. ஆண்கள் அண்ணாச்சிமார். திருநெல்வேலிச் சீமையின் மண்வாசனை அந்த ஒரு சொல்லிலேயே இருக்கிறது. எல்லாரும் இந்திய உடைதான் உடுத்தார்கள். ஒரே வளவில் சிறு சிறு வீடுகள். ஒவ்வொரு வீட்டிலும் ஓர் அக்காளும் ஒரு கூட்டம் பிள்ளைகளும்.

பெரும்பாலான பிள்ளைகளின் பிறந்தநாள் எவருக்கும் தெரியாது. அதனால் அவர்கள் வந்து சேர்ந்த நாளையே கொண்டாடினார்கள். அன்றைக்கு அந்தப் பிள்ளைக்குப் பூ வைத்து, பரிசு கொடுத்து, அம்மாவோடு தனியாக இருக்க நேரம் கொடுத்தார்கள். நீ எங்கிருந்து வந்தாய் என்பதை மறைக்கவேண்டியதில்லை, வந்தாயே அதுவே எங்களுக்குப் பண்டிகை என்பது அதன் பொருள். சிறுவர் இல்லங்களைப் பற்றி எத்தனையோ புத்தகங்கள் வந்துவிட்டன. இதைவிட நுட்பமான ஒன்றை நான் படிக்கவில்லை.

1913இல் பிள்ளைகளின் தொகை 130. 1918 ஜனவரியில் ஒருநாள் மாட்டுவண்டியில் வந்த பெண்ணொருத்தி ஒரு பொட்டலத்தைக் கொடுத்தாள். அவிழ்த்துப் பார்த்தால் ஆண்குழந்தை. அருள் என்று பெயர் வைத்தார்கள். அதன்பின் ஆண்பிள்ளைகளுக்கும் தனி வீடுகள் எழுந்தன. மலையில் காட்டு நிலம் வாங்கி ஒரு வீடு கட்டினார்கள். வெயில் காலத்தில் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு அங்கே போய், அருவித் தடாகத்தில் ஏமியும் அவர்களோடு குதித்து நீந்துவார். கூரை ஏறிய பழக்கம் விடவில்லைப்போலும். பணத்துக்காக எவரிடமும் கையேந்துவதில்லை, கடன் வாங்குவதில்லை என்பது அவருடைய விதி. ஜெபித்தார்கள், பணம் வந்தது, சிலவேளை மிகவும் தாமதித்து வந்தது.

வழக்குகளும் வந்தன. சொத்துத் தகராறில் சிக்கிய ஒரு சிறுமியின் விடயத்தில் 1911இல் தீர்ப்பு டோனாவூருக்கு எதிராக அமைந்தது. பிள்ளையைத் திருப்பிக் கொடுக்கவேண்டிய நேரத்தில் அவள் மறைந்துபோனாள். ஆண்வேடம் போட்டுக் கடல்கடந்து சீனாவரை கொண்டுசெல்லப்பட்டு, வளர்ந்தபின் டோனாவூரில் வளர்ந்த ஒருவரையே மணந்துகொண்டாள் என்பது பின்னர்தான் தெரியவந்தது. இன்னொரு பிள்ளையால் ஆட்கடத்தல் வழக்கும் சிறைத்தண்டனைப் பயமும் வந்து, 1914இல் நீங்கின. இவற்றை வீரக்கதையாக வாசித்துக் கைதட்ட எனக்கு மனம் வரவில்லை. என் மகள் கனடாவில் சிறுவர் நலத்துறையில் வேலை செய்பவள். அவளிடம் சொன்னபோது புருவத்தை உயர்த்தினாள். நீதிமன்றத்தைத் தாண்டிப் பிள்ளையைக் கொண்டுபோவதை இன்று எந்த இல்லமும் செய்யக்கூடாது. ஆனால் அந்தப் பிள்ளையைக் கொடுத்திருந்தால் என்ன நடந்திருக்கும் என்று கேட்டேன். அவளிடமும் பதில் இருக்கவில்லை.

குறைகள் வேறும் உண்டு. டோனாவூருக்கு வெளியே உலகம் இல்லாததுபோல் வாழ்ந்தார்கள் என்றும், அம்மாவின் சொல்லே அங்கே சட்டம் என்றும் சொல்லப்பட்டது. பின்னாளில் பேராயராகப் புகழ்பெற்ற ஸ்ரீபன் நீல் 1924இல் இளைஞராக அங்கே வந்து, அம்மாவோடு ஒத்துப்போக முடியாமல் ஓராண்டளவில் விலகினார். அவ்விதம் வந்து போனவர்கள் பலர். உதவிக்கு வர விரும்பி எழுதுவோருக்கு ஏமி நீண்ட கேள்விப் பட்டியல் அனுப்புவார். தமிழ் படிக்கச் சம்மதமா, எந்த வேலையையும் செய்வாயா, சலிப்பு வந்தால் என்ன செய்வாய் என்ற வகையில். ஊழியத்தின் அழகில் மயங்கி வருபவர்களுக்கு வராதே என்றுதான் சொல்வார். இரண்டு வாரத்துக்குப் போன என்னைப் போன்றவர்களை வாசலிலேயே நிறுத்தியிருப்பார் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. பிள்ளைகள் பழகியபின் பிரிந்து போகிறவர்களால் வரும் காயத்தை அவர் கண்டிருந்தார். 1895இல் வந்தவர் ஒருமுறைகூட விடுமுறைக்குத் தாய்நாடு போகவில்லை. தாயார்தான் 1904இல் டோனாவூருக்கு வந்து ஓராண்டுக்கு மேல் மகளோடு இருந்துவிட்டுப் போனார்.

1912இல் வோக்கர் ஐயர் இறந்தார். 1915இல் பொன்னம்மாள் புற்றுநோயால் நீண்ட நாள் வருந்தி இறந்தார். ஏமி அவருடைய வாழ்க்கையை ஒரு தனிப் புத்தகமாக எழுதினார். தன்னைப் பற்றி அப்படி எழுதப்படுவதை அவர் விரும்பவில்லை. 1919இல் அரசாங்கம் கைசர்-இ-ஹிந்த் பதக்கம் அளித்தபோது அதைப் பெறும் விழாவுக்கும் போகவில்லை.

1931 ஒக்ரோபர் 24ஆம் திகதி, களக்காட்டில் மருந்தகத்துக்காக எடுத்த வீட்டைப் பார்க்கப் போயிருந்தார். மாலை மங்கிய நேரம். தவறான இடத்தில் வெட்டியிருந்த கழிப்பறைக் குழியைக் காணாமல் அதற்குள் விழுந்தார். கால் முறிந்தது, முதுகும் அடிபட்டது. சில வாரங்களில் எழுந்துவிடுவார் என்று எல்லாரும் நினைத்தார்கள். அதன்பின் வாழ்ந்த ஏறத்தாழ இருபது வருடமும் பெரும்பாலும் அந்த ஒரு அறையிலேயே கழிந்தது. வலியில்லாத இரவுகள் குறைவு. அங்கே படுத்தபடி பதின்மூன்று புத்தகங்கள் எழுதினார். பரம சுகசாலை என்று பெயரிட்ட வைத்தியசாலை வளர்வதைக் கேட்டறிந்தார். பிள்ளைகள் வரிசையாக அறைக்கு வருவார்கள். வந்தநாள் கொண்டாடும் பிள்ளைக்கு முன்னுரிமை. அவருடைய காலத்தில் அங்கே வளர்ந்தவர்கள் ஆயிரத்துக்கு மேல் என்பார்கள். அந்தப் பிள்ளைகளில் பலர் அக்காள்மாராகவும் தாதிமாராகவும் ஆசிரியைகளாகவும் அதே வளவில் நின்று அடுத்த பிள்ளைகளை வளர்த்தார்கள்.

1951 ஜனவரி 18ஆம் திகதி காலை, 83ஆவது வயதில், தூக்கத்திலேயே காலமானார். இந்தியாவில் 55 வருடம். கல்லறையில் கல் நாட்டக்கூடாது என்று முன்கூட்டியே சொல்லி வைத்திருந்தார். அந்தத் தோட்டத்தில் முதல்முதல் புதைத்த குழந்தைகளுக்கும் கல் இல்லை. பிள்ளைகள் அம்மாவின் சொல்லைத் தட்டவில்லை. ஆனால் புளிய மரங்களின் நிழலில் அந்த இடத்தில் பறவைகள் தண்ணீர் குடிக்க ஒரு கல்தொட்டியை வைத்தார்கள். அதிலே அம்மா என்று மட்டும் பொறித்தார்கள்.